ஜோடி மாட்டை விற்று வாங்கிய அடுப்பு

அலாவ் தீவு,
8 ஜூன் 1997, ஞாயிறு

அன்புள்ள பௌதிலியோவுக்கு,

உங்கள் மனைவி எதெல்மீரா எழுதுகிறேன். இங்கே நானும் பன்றியும் சுகம். அங்கே உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். போன கடிதத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் மூன்று பக்கம் உங்கள் தங்கை நோல்ஃபா வீட்டு மின்சாரக் கணப்பின் பெருமை. ஒரு பக்கம் புவேர்த்தோ மோன்த் பஸ்களின் பெருமை. இருமலைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் கேட்டது இருமலைப் பற்றி.

படகை உங்கள் அண்ணன் மகன் எலாதியோதான் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய்ச் சேருகிறான். அச்சாவோ துறையில் இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை தூணில் இடித்துவிட்டான். படகில் ஏறுகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் கேட்பது, "பௌதிலியோ எப்ப வருவாரு? எங்க உசிரு மேல அவருக்கு அக்கறை இல்லையா?" என்றுதான்.

டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை. ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி உங்களை மறுபடியும் பார்ப்பார். அதற்குள் நம் வீட்டில் புகை இல்லை என்று இங்குள்ள சுகாதார நிலையத்து யஸ்னா எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் நீங்கள் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இன்னொரு குளிர்காலம் அந்தப் புகையில் கிடந்தால் நுரையீரல் தாங்காது என்றார். அதைச் சொல்லும்போது அவர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் கவனித்தேன்.

அதனால் செவ்வாய்க்கிழமை காஸ்த்ரோவுக்குப் போய் அடுப்பு பார்த்துவிட்டு வந்தேன். முதலில் சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கடை. மெத்தைக்கும் சைக்கிளுக்கும் நடுவே பத்து அடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். காலி பெயிண்ட் டப்பா மாதிரி சத்தம் கேட்டது. கதவைச் சாத்திப் பார்த்தேன். மேல் மூலையில் என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. "இதுல புகை வருமாம்மா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "அடுப்புன்னா கொஞ்சம் வரத்தானே செய்யும்?" என்றாள், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. ஆனால் விலை நம் கையில் இருக்கிற காசுக்குள் அடங்கும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

அடுத்தது, துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் அடுப்பு மட்டுமே விற்கிற கடை. பெயர்போன கம்பெனி, அடுப்புக் கதவுக்கு மேல் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்திருக்கிறது. கடைக்காரர் எரிபெர்த்தோவுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். என்னை உட்காரவைத்து, கையில் சூடாக மாத்தே இலைப் பானம் கொடுத்து, மூன்றே மூன்று கட்டையில் அடுப்பைப் பற்றவைத்தார். உள்ளே சுற்றிலும் சூளைக்கல். மேலே ஒரு தகடு தடுத்து நிறுத்துவதால், வெளியே போகப் பார்க்கிற புகையும் திரும்ப எரிந்துவிடுகிறதாம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் தீ பட்டுத்துணி அசைகிற மாதிரி நிதானமாக அசைகிறது. ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் பௌதிலியோ. எழுந்து என் சால்வையை முகர்ந்து பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நேரம் தீப்பக்கத்தில் உட்கார்ந்து, சால்வையில் புகைவாடை இல்லாமல் நான் எழுந்தது அன்றுதான்.

விலையைச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, உங்க விறகுக்கு என்ன வயசு?"

"ரெண்டு வருஷம்," என்றேன்.

"அப்ப சரி. ஈர விறகுன்னா என் அடுப்பை வாங்காதீங்க. ஈர விறகுக்கு இதுவும் ஒண்ணுதான், அந்த தகர டப்பாவும் ஒண்ணுதான்," என்றார் மனிதர்.

என்னைத் திட்டாதீர்கள். நம் விறகு கோடை முடிந்த பிறகு மார்ச்சில் வெட்டியது, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மழை விடவில்லை என்று எனக்குத் தெரியாதா? போன கோடையில் கோடாரியை இரண்டு தரம் ஓங்கிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்களே, அதை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? தவிரவும், இந்தத் தீவில் தன் விறகு ஈரம் என்று ஒத்துக்கொண்ட ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதல் ஆள் நானாக இருக்க வேண்டுமா?

விலை நம் ஜோடி மாட்டின் விலை. கிளாவேலும் லுசேரோவும் சேர்ந்து என்ன பெறுமோ, அப்படியே அதுதான். மலிவு அடுப்பா, மாட்டு அடுப்பா என்று நீங்களே சொல்லுங்கள். வியாழக்கிழமைப் படகில் பதில் போடுங்கள். கம்பளிக் காலுறையைக் கழற்றாதீர்கள். நோல்ஃபா வீட்டில் எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
எதெல்மீரா


அலாவ் தீவு,
6 ஜூலை 1997, ஞாயிறு

அன்புள்ள பௌதிலியோவுக்கு,

நானும் பன்றியும் இன்னும் சுகம். மாடுகளும் சுகம்தான், ஆனால் நம் கொட்டகையில் இல்லை.

"மாட்டைத் தொடாதே, மலிவானதே போதும்" என்று நீங்கள் எழுதிய கடிதம் போன மாதம் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை வந்தது. மாடுகளை நான் செவ்வாய்க்கிழமையே விற்றுவிட்டேன். கடிதம் முன்னால் வந்திருந்தாலும் விற்றிருப்பேன், அது உங்களுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டால் இருமல் வரும், அதனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு எர்மிந்தா அக்காதான். தீப்பெட்டியில் எத்தனை குச்சி மீதி என்று எண்ணி வைக்கிற உங்கள் பெரியப்பா மருமகள். எழுபத்துநாலு வயதில் மருமகனின் நிலத்துக்கென்று மாடு வாங்குகிறாள். விலை பேசும்போது என்னைப் பார்த்து, "ஏண்டி எதெல்மீரா, மாட்டை வித்து அடுப்பு வாங்குறியே, வசந்தத்துல அடுப்பைப் பூட்டியா உழப் போறே?" என்றாள். "உன் வீட்டு அடுப்பைப் பூட்டி உழுதா கதவு கழண்டு விழுந்துடும் அக்கா," என்றேன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய கடையில் மலிவு அடுப்பு வாங்கினாளே, அதன் மேல் தகடு உப்பி, கதவு கோணி, இப்போது கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள். ஆனால் அவள் சொல்வதைக் கேளுங்கள்: "கோணினா என்னடி, நானும்தான் கோணிப்போயிருக்கேன். ரெண்டு பேரும் இன்னும் சூடாத்தானே இருக்கோம்?"

அடுப்பு எலாதியோவின் படகில் வந்து இறங்கியது. நல்லவேளை, அன்றைக்கு அவன் எதிலும் இடிக்கவில்லை. கரையில் இறக்கிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது: மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போக மாடு எங்கே? அடுப்பு வாங்க விற்ற மாட்டையே எர்மிந்தா அக்காவிடம் கடன் கேட்டுப் பூட்டினோம். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். கிளாவேலும் லுசேரோவும் நேராக நம் வீட்டுக்கு வந்து, அடுப்போடு கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டன. வெளியே இழுக்க அரை மணி நேரம் ஆனது. அப்போதுதான் கொஞ்சம் அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதை நோல்ஃபாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

ஆறு பேர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "எங்க வைக்கணும்?" என்று கேட்டார்கள். நான் சமையலறையைப் பார்த்தேன். கரிபிடித்த சுவர், உத்திரத்தில் தொங்கும் இறைச்சி, கயிற்றில் கோத்த சிப்பி, காயப்போட்ட உங்கள் பழைய உள்பனியன். பிறகு அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்த்தேன். "கூடத்துல வைங்க," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் வீடாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். பாதிரியார் வந்தால் திறக்கிற கூடம், யாராவது செத்தால் திறக்கிற கூடம். அங்கே, உங்கள் அம்மா படத்துக்குக் கீழே, ஜோடி மாட்டின் விலையைக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்கள். "நல்ல அடுப்பு." "ஆமா, நல்ல அடுப்பு." பத்து நிமிஷம் ஆனதும் ஒவ்வொருவராக நழுவிச் சமையலறைக்குப் போய், பழைய அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, மாத்தே குடித்து, சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் அங்கேதான் போனேன். புது அடுப்பு கூடத்தில் தன்னந்தனியாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் யஸ்னா வந்தாள். அவள் சோதனை எளிமையானதுதான். ஒரு வெள்ளைத் துணித்துண்டை நனைத்துத் தொங்கவிட்டு, ஒரு நாள் கழித்து அதன் நிறத்தைப் பார்ப்பாள். நான் பெருமையாகக் கூடத்தைத் திறந்துவிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவரு வீட்டுல எங்கம்மா உக்காருவாரு?" என்று கேட்டாள். "சமையலறைலதான், வேற எங்க?" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. துணியைச் சமையலறையில் தொங்கவிட்டாள். மறுநாள் அது எலி நிறத்தில் இருந்தது. "நீங்க அடுப்பு வாங்கலைம்மா, அலமாரியில வைக்கிற பொம்மை வாங்கியிருக்கீங்க," என்றாள். நல்ல பெண், ஆனால் நாக்கில் எலும்பே கிடையாது.

பழைய அடுப்பைக் கழற்றி வெளியே எடுத்தோம். முப்பத்திரண்டு வருஷம் நின்ற இடத்தில் தரையில் அதன் நாலு காலுக்கும் நாலு குழி விழுந்திருந்தது. புதியதை அங்கே வைத்தோம். அதன் தலையில் கெண்டிக்கு ஓர் இடம், ஒரு பானைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். ரொட்டி சுட வழி இல்லை. தினமும் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எர்மிந்தா அக்கா வீட்டுக் கொல்லையில் இருக்கும் களிமண் அடுப்புக்குப் போகிறேன். அவள் ரொட்டியையும் எண்ணித்தான் திருப்பித் தருகிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சந்தோஷமான கடிதமாக இருந்திருக்கும். ஆனால் நம் விறகு இருக்கிறதே. உள்ளே வைத்தால் முனையில் தண்ணீர் கொப்பளித்துச் சீறுகிறது. காற்றுத் துளையை மூடினால் அணைகிறது, திறந்தால் புகைகிறது. நாலே நாளில் கண்ணாடி தார் பூசிய மாதிரி கறுத்துவிட்டது. யஸ்னா இரண்டாவது தடவை தொங்கவிட்ட துணி முதல் துணியைவிடக் கறுப்பு. கடைக்காரர் எச்சரித்தபடியே, தகர டப்பாவும் இதுவும் ஒன்றாகிவிட்டன. ஒரே வித்தியாசம், தகர டப்பா வாங்கியிருந்தால் மாடுகள் இருந்திருக்கும்.

இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை பௌதிலியோ. நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எதெல்மீரா


அலாவ் தீவு,
17 ஆகஸ்ட் 1997, ஞாயிறு

அன்புள்ள பௌதிலியோவுக்கு,

நான் சுகம். பன்றி இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடித உறைக்குள் ஒரு வெள்ளைத் துணித்துண்டும் யஸ்னா எழுதிக் கொடுத்த தாளும் இருக்கின்றன. இரண்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். இருபத்தைந்தாம் தேதி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க நம் சமையலறையில், நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு மேலே தொங்கிய துணி அது. நான் துவைக்கவில்லை, சத்தியமாகத் துவைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை கடைசியில் ஒரு நாள் மாவை எடுத்துக்கொண்டு எர்மிந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் வந்து என் சால்வையை முகர்ந்தாள். "ஏண்டி, இது ஈர விறகு வாடை. புளிச்ச வாடை. உன் விறகு ஈரமா?" என்றாள். இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோடையில் உங்களால் வெட்ட முடியாமல் போனது, கூலிக்கு ஆள் வைத்து மார்ச்சில் வெட்டியது, பௌதிலியோ முடிந்துபோனான் என்று ஊர் பேசக் கூடாது என்பதற்காக நன்றாகக் காய்ந்த விறகு என்று எல்லோரிடமும் நான் சொல்லித் திரிந்தது, எல்லாம்.

அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "மெதான் கேளு," என்றாள்.

"விறகுக்கா?" என்றேன். விதைக் கிழங்கு இல்லாதவன் மெதான் கேட்பான், ஆடு செத்துப்போனவன் கேட்பான். இல்லாததைக் கோவில் வாசலில் வாய்விட்டுச் சொல்லி, கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடுவான். விறகுக்கு மெதான் கேட்ட ஆள் இந்தத் தீவில் உண்டா? அதுவும் ஜூலை மழையில், காய்ந்த விறகு!

"வெக்கமா இருக்கு அக்கா," என்றேன்.

"வெக்கத்தைப் போட்டு எரிக்க முடியுமா? முடியும்னா போட்டு எரி. முடியாதுன்னா வாயைத் திறந்து கேளு," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்றேன். "என் விறகு ஈரம். காய்ஞ்சதுன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். ஆகஸ்ட் இருபத்தஞ்சுக்குள்ள வீட்டுல புகை நிக்கலைன்னா அவரு வீட்டுக்கு வர முடியாது. அடுத்த சனிக்கிழமை மெதான். பன்றி அடிக்கிறேன்," என்றேன். மூச்சு விடாமல் ஒரேயடியாகச் சொல்லி முடித்தேன்.

கோவில் சாவி வைத்திருக்கும் கிழவர் உபால்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னுதும் ஈரந்தான்," என்றார். "என்னுதும்," என்றார் இன்னொருவர். "எங்க வீட்டுது சொட்டுது," என்றாள் எலாதியோவின் பெண்டாட்டி. அவள் சொன்ன விதத்தில் யாரோ குபீரென்று சிரிக்க, வாசல் முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருஷமாக ஊரே ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் பௌதிலியோ. ஆனால் உபால்தோ போகும்போது என்னருகே வந்து, "ஈரந்தான். ஆனா அடுப்புக்குப் பின்னால நாலு கட்டை ஒளிச்சு வச்சிருக்கேன். கொண்டாறேன்," என்றார்.

அப்படித்தான் எல்லோரிடமும் நாலு கட்டை இருந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில், பரணில், படகுப் பாயைப் போட்டு மூடி. சனிக்கிழமை காலையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். மழையில் நனையாமலிருக்க ஒருவர் தன் மேல்கோட்டைக் கழற்றி விறகைச் சுற்றிவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்தார். எலாதியோவின் பெண்டாட்டி கைக்குழந்தையின் போர்வைக்குள் லூமா மரக் கட்டைகளைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "அது அழும், விறகு அழாது. அதான் விறகை நான் தூக்கிட்டேன், அதை அவரு தூக்கிட்டு வர்றாரு," என்றாள். யஸ்னாகூட இரண்டு கட்டை கொண்டுவந்தாள். சுகாதார நிலையத்து விறகில்லை, தன் வீட்டு விறகு என்று நாலு தரம் சொன்னாள்.

நான் பன்றியைப் போட்டேன், கிழங்கு வேகவைத்தேன், கிழங்கைத் துருவித் தட்டி மில்காவ் பொரித்தேன். ஒரு பானைக்கு மட்டும் இடமிருக்கும் அடுப்பில் நாற்பது பேருக்குச் சமைப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும்: மூன்று வீட்டு அடுப்பைக் கடன் வாங்க வேண்டும். ஆப்பிள் மது இரண்டு குடம் காலி. இந்தத் தடவை கூடத்துக்கு ஒருவரும் போகவில்லை. எல்லோரும் சமையலறையில்தான், தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

எர்மிந்தா அக்காவை மட்டும் காணவில்லை. மெதான் கேட்கச் சொன்னவளே வரவில்லையே, எண்ணிப் பார்த்து மனம் மாறிவிட்டாளோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் கடவுள் என்னை மன்னிக்கட்டும். மதியத்துக்கு மேல் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. கிளாவேலும் லுசேரோவும். வண்டி நிறைய விறகு, மேலே மெழுகுத்துணி மூடி, அதன் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மாடுகள் யாரையும் கேட்காமல் நம் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டன. "இதுங்களுக்கு நான் எசமானின்னு யாராச்சும் சொல்லுங்கப்பா," என்று மேலேயிருந்தபடியே கத்தினாள்.

ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றோடு தட்டினேன். மணி அடித்த மாதிரி கேட்டது. ஆறு வருஷம், ஏழு வருஷம் காய்ந்த விறகு. சாம்பல் பூத்து, நுனி வெடித்து, கையில் கனமே தெரியவில்லை. இப்படிப்பட்ட விறகை வைத்துக்கொண்டா அந்தக் கோணல் அடுப்பில் பச்சைக் கட்டையைப் போட்டு இருமிக்கொண்டிருந்தாள் என்று நான் அவளையே பார்த்தேன். மருமகன்தான் மெதுவாகச் சொன்னான். அது அவள் சாவுக்கென்று வைத்திருந்த விறகு. தன் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்பது நாள் சமைக்க, வந்தவர்கள் கண் புகையால் கரிக்காமல் தனக்காக மட்டும் கலங்க வேண்டும் என்று வருஷா வருஷம் தனியாக அடுக்கி வைத்தது. அதிலிருந்து இதுவரை ஒரு குச்சியைக்கூட யாரையும் தொடவிட்டதில்லையாம்.

"வேண்டாம் அக்கா, இது உன்னுது," என்றேன்.

"என்னுதுதான். அதான் குடுக்கறேன். ஊராருதுன்னா குடுப்பேனா?" என்றாள். "கைவிரிச்சுக்கிட்டு நிக்காதே, மழை வருது, இறக்கு."

அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியிலிருந்த கறுப்பு தானாக எரிந்து விலக ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் ஒரு காசு அளவு, பிறகு கை அளவு, பிறகு முழுக் கதவும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுகச் சரிவுக் கடையில் நான் பார்த்த அதே தீ, நம் சமையலறையில். எர்மிந்தா அக்காகூட, "மாட்டு விலை பெறும்தான்டி," என்றாள். யஸ்னா வெள்ளைத் துணியை நனைத்தாள். மறுநாள் அது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இப்போது உங்கள் கையில்.

இனி, நேரில் என்றால் சொல்ல வராத ஒன்று. அந்தப் பழைய அடுப்பில் முப்பத்திரண்டு வருஷம் புகை மூட்டியவள் நான். குழாயை உயர்த்த வேண்டும், அடுப்பை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், புகை இல்லாமல் இறைச்சி எப்படிப் பதமாகும் என்று உங்கள் வாயை அடைத்தேன். நீங்கள் இருமிக்கொண்டே சரி என்றீர்கள். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது சரியானவளைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகும் நீங்கள் ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூட என்னைச் சொல்லவில்லை. அதற்கு நன்றி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாமல்தான் மாட்டை விற்றேன். இந்த ஊருக்கும் எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாத்தே கொடுத்துக்கொண்டிருக்கிறேன், "போதும் எதெல்மீரா, வயிறு உப்புது" என்று ஓடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. மெதானில் வாங்கியதை வாங்கினவர்கள் திருப்ப வேண்டும். எர்மிந்தா அக்கா விருந்து முடிந்து போகும்போது வண்டியிலிருந்து குனிந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இப்ப வெட்டினா காய ரெண்டு வருஷம் ஆகும். அது வரைக்கும் நான் சாகறதைத் தள்ளி வச்சிருக்கேன். உன் புருஷனையும் தள்ளி வைக்கச் சொல்லு. அவன் கோடாரி தொட வேணாம், திண்டுல உக்காந்து எந்த மரம்னு கையைக் காட்டினாப் போதும். ஆனா ஒண்ணு. விறகு காய்ஞ்சுதுன்னு நீ சொன்னா நான் நம்ப மாட்டேன், நீ புளுகி. அவன் வந்து, அவன் வாயால சொல்லணும்."

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், பௌதிலியோ. உங்களைக் கேட்காமல் மாட்டை விற்ற மாதிரி, உங்களைக் கேட்காமல் இந்த வாக்கையும் கொடுத்துவிட்டேன். ஆகவே தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. அந்த வண்டி விறகில் பாதிக்கு மேல் தொடாமல் உங்களுக்காக வைத்திருக்கிறேன். டாக்டரிடம் துணியைக் காட்டிவிட்டு வியாழக்கிழமைப் படகில் வந்துவிடுங்கள். எலாதியோவிடம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் தூணில் இடிக்கக் கூடாது என்று.

புனித செபஸ்தியார் உங்கள் மூச்சைக் காக்கட்டும். காலுறையைக் கழற்றாதீர்கள்.

உங்கள் நாற்காலியைத் தீப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்,
எதெல்மீரா